நாலு ரோட்டுச் சிலையை எடுக்கறது: யார்கிட்ட அனுமதி, எப்படி இறக்கறது, எங்க வைக்கறது?

நாலுரோட்டான் (கேள்வி)

வணக்கமுங்க. ஈரோடு மாவட்டத்துல ஒரு சின்ன டவுன். நாலு ரோடு சந்திக்கற ரவுண்டானா நடுவால ஒரு தலைவர் சிலை இருக்குதுங்க. சிலை சுமார் 7 அடி, பீடம் ஒரு 8 அடி. தங்கக் கலர் பெயிண்ட் அடிச்சிருக்குது. வெண்கலமா சிமெண்ட்டான்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எந்தத் தலைவர்னு எழுதலைங்க, எழுதினா பேச்சு அங்கயே நின்னு போயிரும்.

ரோடு அகலப்படுத்தற வேலை வந்திருக்குது. இதான் சமயம், அந்தாளுக்குப் பொது இடத்துல சிலையே இருக்கக் கூடாதுன்னு ஒரு தரப்பு. கை வெச்சா மறியல்னு இன்னொரு தரப்பு. கடைக்காரங்களும் லாரிக்காரங்களும் எங்காவது தள்ளி வெச்சாப் போதும்ங்கறாங்க. பேரூராட்சியில ஹைவேஸைக் கேளுங்கறாங்க, ஹைவேஸ்ல தாசில்தாரைக் கேளுங்கறாங்க.

முறையா இதைச் செய்யோணும்னா எங்கிருந்து ஆரம்பிக்கோணும்? சேதாரம் இல்லாம இறக்க முடியுமா? வேற ரோட்டு முக்குல வெச்சுக்கலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

புலப்படம்

முதலில் சிலை நிற்கும் மண் யாருடையது என்று காகிதத்தில் பாருங்கள். சர்வே எண்ணைப் பிடித்து, புலப்பட நகல் (நிலத்தின் அளவு வரைபடம்), ‘அ’ பதிவேட்டு நகல் (நிலம் யாருடையது, என்ன வகை என்ற வருவாய்த் துறைப் பதிவு) இரண்டையும் எடுங்கள். ரோடு புறம்போக்கு என்று வந்தால், அந்த ரோடு யார் பராமரிப்பில் இருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளர். அங்கே ஆக்கிரமிப்பை அகற்ற 2001-ஆம் ஆண்டு தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், 28-ஆம் பிரிவு. தேசிய நெடுஞ்சாலை என்றால் 2002-ஆம் ஆண்டு மத்திய அரசின் தேசிய நெடுஞ்சாலைகள் (நிலம், போக்குவரத்து) கட்டுப்பாட்டுச் சட்டம், 26-ஆம் பிரிவு. பேரூராட்சித் தெரு என்றால் செயல் அலுவலர். வருவாய்த் துறை எடுத்துக்கொண்டால் 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி 7-ஆம் பிரிவில் நோட்டீஸ், அதற்கப்புறம்தான் 6-ஆம் பிரிவில் அகற்றல்.

பெரும்பாலும் காரியம் கெடுவது நோட்டீஸில்தான். சிலைக்கு வீட்டு வரி ரசீது கிடையாது, உரிமையாளர் யார் என்று தெரியாது, அதனால் யாருக்கும் கொடுக்காமல் ஆளை அனுப்பி இடிக்கப் பார்ப்பார்கள். மறுநாளே நீதிமன்றத்தில் தடை வாங்கிவிடுவார்கள். பீடத்துக் கல்வெட்டில் யார் பெயர் இருக்கிறதோ அந்த அமைப்புக்கு, வருடா வருடம் பிறந்த நாளுக்கு மாலை போட அனுமதி கேட்டு எழுதுகிறவர்களுக்கு, பராமரிப்புக் குழு இருந்தால் அதற்கு என்று எல்லோருக்கும் தனித்தனியாக நோட்டீஸ் போக வேண்டும். ஒரு நகலைப் பீடத்தில் ஒட்டி, கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் மகஜர் (சாட்சிகளோடு எழுதும் பதிவு) எழுதி, படம் எடுத்து வையுங்கள்.

கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, “இந்த இடத்தில் சிலை வைக்க வழங்கிய அனுமதி ஆணை நகல், அது குறித்த மன்றத் தீர்மான நகல்” என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். “கோப்பு இல்லை” என்று வந்தாலும் அது உபயோகமான பதில்தான், பத்திரமாக வையுங்கள்.

வேற முக்குல வெச்சுக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். இதில்தான் முக்கால்வாசிப் பேர் மாட்டுகிறார்கள். 18.1.2013 அன்று உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவின்படி, பொதுச் சாலை, நடைபாதை, சாலை ஓரம், மற்ற பொதுப் பயன்பாட்டு இடம் எதிலும் சிலை வைக்க மாநில அரசு அனுமதி தரக் கூடாது. தெருவிளக்கு, சிக்னல், சுங்கச் சாவடி மாதிரியானவற்றுக்குத்தான் விலக்கு. பழைய சிலை 1980-இல் வைத்ததாகவே இருக்கட்டும். அதைப் பிடுங்கி இன்னொரு ரோட்டு ஓரத்தில் நட்டால் அது புதிதாக வைப்பதுதான். எதிர்த்தரப்பு ஒரு மனு போட்டால் அங்கேயும் நிற்காது, இங்கேயும் திரும்ப முடியாது. 2025 செப்டம்பரில் வள்ளியூர் காய்கறிச் சந்தை வாசலில் சிலை வைக்க மாநில அரசே கேட்டும் உச்ச நீதிமன்றம் விடவில்லை. ஆகவே சந்தை வாசல், பஸ் ஸ்டாண்டு வாசல் என்று யோசித்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

2021 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன வழி, பொது இடச் சிலைகளைக் கணக்கெடுத்து, ‘தலைவர்கள் பூங்கா’ என்று தனி இடம் ஒதுக்கி அங்கே கொண்டுபோய் வைத்துப் பராமரிப்பது. உங்கள் ஊர் மனுவில் இந்த உத்தரவைக் காட்டி, ஆட்சியரிடம் அப்படி ஓர் இடம் கேளுங்கள். அது ஆகாவிட்டால், சிலை வைத்த அமைப்பின் சொந்தப் பட்டா நிலமோ அறக்கட்டளை வளாகமோதான் பாதுகாப்பு. அதற்கும் ஆட்சியர், காவல் துறை இருவர் அனுமதியையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். இடம் எழுத்தில் உறுதியாகும் வரை கிரேனுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று. பட்டியலின, பழங்குடி மக்கள் உயர்வாக மதிக்கும் தலைவர் சிலையாக இருந்தால், அதைச் சேதப்படுத்துவதும் இழிவுபடுத்துவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(t) உட்பிரிவில் வரும். ‘பொருள்’ என்பதில் சிலையும் படமும் அடங்கும் என்று சட்டமே விளக்குகிறது. ஒப்பந்ததாரரின் ஆள் அலட்சியமாகக் கடப்பாரை போட்டாலும் பதில் சொல்ல வேண்டி வரும். வேலை உத்தரவில் “சேதமின்றி” என்ற வார்த்தை கட்டாயம் இருக்கட்டும்.

ஹைட்ரா பட்டறை

காகித வேலையைப் புலப்படம் அண்ணன் சொல்லிட்டாருங்க. இறக்கற வேலையை நான் சொல்றேன்.

முதல்ல அது என்ன சாமான்னு பாருங்க. மரச் சுத்தியல்ல முதுகுப் பக்கம் லேசாத் தட்டுங்க. கணீர்னு நீளமாச் சத்தம் வந்தா வெண்கலம். மொத்துனு வந்தா சிமெண்ட். பிளாஸ்டிக் டப்பாவைத் தட்டின மாதிரி வந்தா ஃபைபர். வெண்கலத்துல காந்தம் ஒட்டாது, அதை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க, சிமெண்ட்லயும் கம்பி உள்ள ஆழத்துல இருந்தா ஒட்டாது. பாதத்துக்கிட்ட பெயிண்ட்டை ஒரு ரூபாய் காசு அளவுக்குச் சுரண்டினாத் தெரிஞ்சு போகும்.

எடை: 7 அடி வெண்கலம் உள்ள கூடா வார்த்தது, தகடு 6-ல இருந்து 8 மில்லி இருக்கும், உள்ளத் தாங்கற சட்டம் எல்லாம் சேர்த்து 250-ல இருந்து 400 கிலோன்னு வெச்சுக்குங்க. சிமெண்ட் சிலைன்னா 600 கிலோவுக்கு மேலயே போகும். ஃபைபர்னா நாலு பேர் தூக்கிறலாம், ஆனா காத்துக்குப் பறக்கும்.

சிமெண்ட் சிலையில தப்பு நடக்கறது கணுக்கால்ல தானுங்க. பீடத்துக்குள்ளிருந்து கம்பி கால் வழியா மேல போகும். மழைத்தண்ணி பாதத்துல நின்னு இறங்கி, அந்தக் கம்பி துருப் புடிச்சு ஊதி, சிமெண்ட்டைப் பொளந்து வெச்சிருக்கும். மேல பெயிண்ட் அடிச்சதனால கண்ணுக்குத் தெரியாது. இடுப்புல பெல்ட்டைப் போட்டு ஒரு இழுப்பு இழுத்தா பாதம் ரெண்டும் பீடத்துல நிக்கும், ஆளு மட்டும் மேல வருவாரு. அந்தப் படம் அரை மணி நேரத்துல மாவட்டம் பூராப் போயிரும், அதுக்கப்பறம் எந்த சமாதானமும் எடுபடாது.

அதனால சிமெண்ட் சிலையைத் தனியாத் தூக்கவே கூடாது. பீடத்து மேல்பாகத்தோட சேத்து அறுக்கோணும். பாதத்துக்கு முக்கால் அடி கீழ சுத்தியும் கோடு போட்டு, டயமண்ட் பிளேடு மெஷின்ல தண்ணி விட்டு அறுங்க. இடிக்கற பிரேக்கர் மெஷின் போடாதீங்க, அதிர்வுல கைவிரல், கண்ணாடி, புத்தகம் எல்லாம் உதிர்ந்துரும். 3 அடிக்கு 3 அடி, முக்கால் அடி கனம்னா அந்தப் பலகை மட்டும் 450 கிலோ சொச்சம். சிலையோட சேத்து ஒரு டன்னைத் தாண்டும். 2 டன்னுன்னே கணக்குப் போட்டு பெல்ட், அதை மாட்டற ஷாக்கிள் வளையம் எடுங்க.

அறுக்கறதுக்கு முந்தியே பலகைக்கு அடியில போற மாதிரி ரெண்டு இரும்புச் சேனலைச் சொருகி, நாலு மூலைக்கும் இரும்பு ஆங்கிள் நிறுத்தி, சிலையைச் சுத்தி ஒரு கூண்டு வெல்டிங் பண்ணுங்க. வெல்டிங் பொறி சிலை மேல படாம ஈரச் சாக்கு போத்திருங்க. சிலைக்கும் கூண்டுக்கும் நடுவுல ரப்பர், தேங்காய் நார் மெத்தைத் துண்டு. கிரேன் கொக்கி கூண்டைத்தான் புடிக்கோணும், சிலையைத் தொடவே கூடாது.

பெல்ட் கோணத்தையும் பாருங்க. ரெண்டு பெல்ட் கிடைமட்டத்துல இருந்து 60 டிகிரியில நின்னா ஒவ்வொண்ணுக்கும் எடையில 58 சதவீதம் வரும். படுத்து 30 டிகிரிக்கு வந்தா ஒவ்வொண்ணும் முழு எடையையும் தாங்கோணும். மேல இடமில்லைன்னு பெல்ட்டைக் குட்டையாப் போடற பழக்கம் இங்க ஜாஸ்தி.

ஹைட்ரா கிரேன் 12 டன், 14 டன்னுன்னு சொல்றது ஜிப்பை, அதாவது கிரேன் கையை, சுருக்கி வெச்சுக் கிட்டத்துல தூக்கறப்ப மட்டும்தான். ரவுண்டானாவுக்கு வெளிய நின்னு எட்டித் தூக்கறப்ப எவ்வளவு எடை தூக்கும்னு கிரேனோட லோட் சார்ட்டைப் பாருங்க. நாலு ரோட்டு முக்குல கட்டாயம் மேல லைன் போகும், மின்வாரியத்துல முந்தியே எழுதிக் குடுத்து ஷட்டவுன் வாங்குங்க. லைன்மேன் வந்து எர்த் போட்டப்பறம் ஜிப் எந்திரிக்கட்டும்.

வெண்கலம்னா வேலை சுளுவு. பாதத்துக்கு அடியில தகடும் நாலு போல்ட்டும் இருக்கும். சுத்தி இருக்கற கலவையைக் கையால கொத்தி எடுத்து போல்ட்டை அறுத்துரலாம். அக்குளுக்கு அடியில அகலமான நைலான் பெல்ட். செயின் போடாதீங்க, கோடு விழுந்துரும். நீட்டின கையில எதையும் மாட்டாதீங்க, அந்தக் கை தனியா வார்த்து ஒட்டினது. வெண்கலத்தை மணல் மூட்டை மேல மல்லாக்கப் படுக்க வெச்சுக் கொண்டுபோலாம். சிமெண்ட் நின்ன வாக்குலதான் போகோணும், தளம் தாழ்வா இருக்கற லோபெட் வண்டி, கூண்டோட கட்டி.

ஞாயித்துக்கிழமை விடியக்காலை 5 மணிக்கு, எல்லாத் தரப்புலயும் ரெண்டு ரெண்டு பேரை நிக்க வெச்சுப் பண்ணுங்க. ராத்திரி ஒரு மணிக்குத் திருட்டுத்தனமா எடுத்தா, ஒழுங்கா எடுத்திருந்தாலும் ஒடைச்சுட்டாங்கன்னுதான் பேச்சு வரும்.

நொய்யல் கரை

மேலே இருவரும் சொன்னது ரொம்ப உபயோகம். ஆனால் ஒரு விஷயத்தை எல்லோருமே தாண்டிப் போகிறோம். அங்கே ஒரு தரப்பு கேட்பது ரோட்டுக்காக இல்லை, அந்த ஆளுக்காக. அதை ரோடு அகலப்படுத்துவதற்குள் ஒளித்து வைத்தால் பிரச்சினை தீராது.

மெரினாவில் கண்ணகி சிலையை 2001 டிசம்பரில் எடுத்தபோது லாரி மோதியது, போக்குவரத்து என்றுதான் காரணம் சொன்னார்கள். ஊர் நம்பவில்லை. 2006 ஜூனில் ஆட்சி மாறியதும் சிலை திரும்ப வந்தது. அதே சாலையில் நடிகர் சிவாஜி கணேசன் சிலைக்கும் போக்குவரத்துதான் காரணம். ஆனால் அங்கே வழக்கு நடந்தது, 2014-இல் உத்தரவு வந்தது, அடையாறில் மணிமண்டபம் கட்டிய பிறகு 2017 ஆகஸ்ட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கேயே இருக்கிறது.

ஆளுக்காகவே எடுத்ததும் நம் மாநிலத்தில் உண்டு. 1857-இல் அலகாபாத் பக்கம் கண்ணில் பட்டவர்களையெல்லாம் தூக்கில் போட்ட நீல் துரைக்கு மவுண்ட் ரோட்டில் சிலை இருந்தது. 1927-இல் அதற்கு எதிராக சத்தியாகிரகம் நடந்தது, இளைஞர் காமராஜரும் அதில் இருந்தார். தொண்டர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். கடைசியில் 1937-இல் ராஜாஜி அமைச்சரவை வந்தபின் அகற்றினார்கள், இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உருக்கவில்லை, உடைக்கவில்லை. அவன் செய்ததைப் படிக்கிறவர்களுக்கு அது இன்றும் சாட்சி. நம் சேலம், தருமபுரிப் பக்கம் பாரமகாலில் வரித்திட்டம் போட்ட மன்றோவோ சென்னையில் இன்னும் குதிரை மேலேயே இருக்கிறார். வெள்ளைக்காரன் எல்லாம் ஒன்று என்று எல்லாச் சிலையையும் எடுத்துவிடவில்லை. ஒவ்வொருவர் செய்ததையும் தனியாக எடை போட வேண்டும். உங்கள் ஊரிலும் அதைத்தான் செய்ய வேண்டும்: அந்தத் தலைவர் சொன்னது, செய்தது எது தப்பு என்கிறீர்களோ அதை ஆதாரத்தோடு ஒரு பக்கத்தில் எழுதி மன்றக் கூட்டத்தில் வையுங்கள். எதிர்த்தரப்பும் ஒரு பக்கம் எழுதட்டும். இரண்டும் தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும். சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது ஆதாரம் ஆகாது.

“சிலை இருக்கட்டும், கீழே இன்னொரு கல்வெட்டு வைத்து உண்மையை எழுதிவிடலாம்” என்று யாராவது சொல்வார்கள். நல்ல யோசனைதான், ஆனால் கெடு வைத்துச் செய்யுங்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அடிமை வியாபாரி கோல்ஸ்டன் சிலைக்கு இரண்டாவது பலகை வைப்பதாக 2018-இலேயே ஆரம்பித்து, வாசகத்துக்காகச் சண்டை போட்டு, கடைசி வரை வைக்கவே இல்லை. 2020 ஜூன் 7 அன்று கூட்டம் இழுத்துக் கீழே தள்ளி, துறைமுகத் தண்ணீரில் போட்டுவிட்டது.

நாலுரோட்டான்

ரொம்ப நன்றிங்க மூணு பேருக்கும். தட்டிப் பார்த்தாச்சு, மொத்துனுதான் வருது. சிமெண்ட்டேதான். வெச்ச அமைப்புக்கு ஊருக்கு வெளிய 12 சென்ட் பட்டா இருக்குதுங்க, அங்க வெச்சுக்க மனசு இருக்குது, ஆனா பழைய கல்வெட்டு கூட வரோணும்ங்கறாங்க. அது பேரூராட்சி பணத்துல செஞ்சதுங்கறாங்க எதிர்த்தரப்பு. அதுக்கு என்ன பண்றது?

புலப்படம்

கல்வெட்டு சிலையோடு சேர்ந்ததுதான். பிரித்தால் புதுச் சண்டை. மன்றத் தீர்மானத்திலேயே “சிலையும் கல்வெட்டும் உள்ளபடியே ஒப்படைக்கப்படுகின்றன” என்று ஒரு வரி, இறக்கும் செலவு யாருடையது என்று ஒரு வரி, இனிப் பராமரிப்பு அமைப்பின் பொறுப்பு என்று ஒரு வரி சேருங்கள். பேரூராட்சி பணத்தில் செய்தது என்பதற்கு பில் இருந்தால், ஒப்படைப்பதற்கும் மன்ற ஒப்புதல் வேண்டும். அதே கூட்டத்தில் முடித்துவிடலாம். கல்வெட்டின் எழுத்து தெரியும்படி படம் எடுத்து மகஜரோடு இணையுங்கள். ஒப்படைப்புச் சீட்டில் கோட்டாட்சியர் கையெழுத்து வாங்கினால் பின்னால் தொந்தரவு குறையும்.

ஹைட்ரா பட்டறை

12 சென்ட்ல பீடத்தை இப்பவே கட்ட ஆரம்பிச்சுருங்க. கான்கிரீட் போட்டு 28 நாளாவது ஆறோணும், மொத ரெண்டு வாரம் விடாம தண்ணி காட்டுங்க. பீடத்து மேல்தளம் அறுத்த பலகையை விட எல்லாப் பக்கமும் 3 இஞ்ச் பெருசா இருக்கட்டும், தண்ணி வெளிய ஓடற மாதிரி லேசாச் சரிவு குடுங்க. உக்கார வெக்கறப்ப இடைவெளியை அடைக்கற சுருங்காத கிரவுட் கலவை ஊத்துங்க, சும்மா சிமெண்ட் பாலு ஊத்தினா நாளைக்கு இடைவெளி வுட்டுத் தண்ணி எறங்கும். பலகைக்கும் பீடத்துக்கும் புடிப்புக்கு ஸ்டெயின்லெஸ் கம்பி நாலு, 16 மில்லி, ஓட்டை போட்டு இறக்குங்க. கணுக்கால்ல பொளந்திருந்தா, உக்கார வெச்சப்பறம் துருவைச் சுரண்டி எபாக்ஸி அடைச்சுட்டுத்தான் பெயிண்ட். ராத்திரிக்கு ஒரு லைட்டும் ஒரு கேமராவும் மொத நாள்ல இருந்தே ஓடட்டும். 2020 ஜூலைல கோயமுத்தூர் சுந்தராபுரத்துல பெரியார் சிலை மேல காவிப் பெயிண்ட் ஊத்தினாங்கல்ல, அந்த மாதிரி ஒண்ணு நடந்தா இத்தனை நாள் பட்ட பாடும் வீணாப் போயிரும்.