கோரிடோராஸ் மீசை தேயுது, வயிறு ஒட்டுது: தீனியா, கல்லா, சூடா?

வாவிக்கரை, கல்லடி:

24×12×15 அங்குல டேங்க். 6 புரோன்ஸ் கோரி (அடியில தேடித் தின்னுற கோரிடோராஸ் மீசை மீன்), 12 கப்பி, 2 அங்குலத்தில ஒரு பிளெக்கோ (கண்ணாடியில வாயால ஒட்டுற மீன்). அடியில கலர் கல்லு, ஒரு ஸ்பொஞ்ச் பில்டர், கிணத்துத் தண்ணி. இந்தக் கச்சான் காத்துக்குப் பகல்ல தண்ணி 31 பாகைக்குப் போகுது. காலையும் பின்னேரமும் மிதக்கிற தீனி போடுறன். மிச்சத்தைக் கோரி பொறுக்கும் எண்டுதான் கடையில சொன்னது. நாலு கோரிக்கு மீசை பாதிதான் இருக்கு, ரெண்டுக்கு வயிறு உள்ள போயிட்டு. கல்லை எடுத்துப்போட்டு கல்லடிக் கடற்கரை மணல் போடலாமா? உப்புப் போட்டா மீசை வளரும் எண்டும் சொல்றாங்க.

அடிமணல், மட்டக்களப்பு:

தம்பி, உப்பை முதல்ல விடுங்க. கோரிக்கு உப்புத் தாங்காது, உங்கட கிணறு சவர்ப் பக்கம் எண்டா ஏற்கனவே கொஞ்சம் இருக்கும்.

மீசை கல்லில உரசித் தேயுது எண்டுதான் எல்லாரும் சொல்லுவாங்க. கூர்க் கல்லு காயமாக்கும், அது சரி. ஆனா மீசையை அழுக வைக்கிறது கல்லுக்கு இடையில இறங்கிக் கிடக்கிற தீனியும் கழிவும்தான். கோரி மூக்கைக் குத்தித் தேடுற இடமே பக்டீரியா பெருகுற இடம். மணலைப் போட்டுட்டு அழுக்கைத் தேங்கவிட்டா அங்கயும் இதுதான் நடக்கும்.

கடற்கரை மணல் வேணாம். அதில சிப்பித்தூள் கிடக்கு, எத்தனை தரம் கழுவினாலும் சுண்ணாம்பு கரைஞ்சுகொண்டே இருக்கும், பீஎச் ஏறும், எண்டாத் தண்ணி காரமாகும். வீடு கட்ட எடுக்கிற ஆத்து மணல் காணும். நுளம்பு வலையில அரிச்சு, வலைக்குள்ளால விழுற பொடியை மட்டும் எடுங்க. வாளியில கையால கிண்டிக் கிண்டி, ஊத்துற தண்ணி தெளியும்வரை கழுவுங்க. ஒரு கரண்டி காய்ஞ்ச மணலில வினாகிரி விட்டுப் பாருங்க, நுரைச்சா அதிலயும் சிப்பி இருக்கு, வேற பாருங்க. உங்கட டேங்குக்கு 2 செ.மீ. உயரம் போட 6 கிலோ அளவு போதும். 3 செ.மீ.க்கு மேல போனா அடியில காத்துப் புகாமக் கறுத்து நாறலாம்.

கல்லை ஒரே நாளில முழுக்க அள்ள வேணாம். கழிவின்ர நஞ்சை முறிக்கிற நல்ல பக்டீரியா நிறைய அதிலதான் ஒட்டியிருக்கும், ஒரு சின்ன ஸ்பொஞ்ச் அதை ஈடு கட்டாது. கிழமைக்கு மூண்டில ஒரு பங்கு எடுங்க, அந்த நாளில ஸ்பொஞ்சைத் தொடாதீங்க. மீனைப் பிடிக்க வலை போடாதீங்க, செட்டையில இருக்கிற முள்ளு விறைச்சு வலையில மாட்டும், இழுத்தா முறியும். பிளாஸ்ரிக் கோப்பையால ஒதுக்கி அள்ளுங்க.

இனித் தீனி. கோரி குப்பை பொறுக்கி இல்ல. 12 கப்பி இருக்கிற டேங்கில மிதக்கிற தீனி போட்டா அடிக்கு ஒண்டும் வராது, வயிறு ஒட்டினதுக்குக் காரணம் அதுதான். பின்னேரம் கப்பிக்கு ஒரு மூலையில போடுங்க. லைற் அணைச்சு அரை மணித்தியாலத்துக்குப் பிறகு, 1 மி.மீ. அளவில அமிழுற பெலட்டை மூண்டு இடத்தில பிரிச்சுப் போடுங்க. கோரி மணத்தாலயும் மீசையாலயும் தேடும், இருட்டு அதுக்குப் பிரச்சினை இல்ல, கப்பிக்குத்தான் பிரச்சினை. முதல் ராவு மீனுக்கு நாலஞ்சு பெலட், ஒரு மணித்தியாலத்தில டோர்ச் அடிச்சுப் பாருங்க. மிச்சம் கிடந்தா உறிஞ்சி எடுத்து அடுத்த நாள் குறையுங்க. புரதம் 40 வீதமளவில இருக்கிறதா வாங்குங்க. பாசியில செய்த வில்லை (பாசி வேஃபர்) பிளெக்கோவுக்கு, கோரிக்கு அது வயித்தை நிரப்பும், உடம்பில பிடிக்காது. கிழமைக்கு ரெண்டு தரம் உறைஞ்ச பிளட்வேர்ம் (சிவப்புப் புழு), இல்லாட்டி வாவி இறாலை ஓடு நீக்கி, உப்புப் போக அலசி, பொடியா அரிஞ்சு போடுங்க.

சாய்ந்தமருது நானா:

தீனிக் கதை சரி. ஆனா 31 பாகையை யாரும் தொடல்லயே. புரோன்ஸ் கோரிக்கு 22 இலிருந்து 26 நல்லம். 25 பாகையில ஒரு லீற்றர் தண்ணி 8.3 மி.கி. ஒட்சிசன் பிடிக்கும், 31 இல 7.4தான். இதைவிட மோசம் மீன் கழிவில வாற அமோனியா: 25 பாகை, பீஎச் 7 இல இருக்கிற அதே அளவு, 30 பாகை, பீஎச் 8 இல பத்து மடங்குக்கு மேல நஞ்சாகும். உங்கட கிணறு பீஎச் 8 பக்கம் எண்டா கோடையில அளவுக்கு மேல தீனி போடாதீங்க.

மூடியை எடுத்து வலை போட்டுட்டு, சின்ன மேசை ஃபேனைத் தண்ணிக்கு மேலால சரிவா ஊத விடுங்க, ரெண்டு மூண்டு பாகை இறங்கும். தண்ணி வத்தும். வத்தினதைக் கிணத்துத் தண்ணியால நிரப்பினா உப்பும் சுண்ணாம்பும் ஒவ்வொரு நாளும் கூடும், ஆவியாகிறது வெறும் தண்ணிதானே. அதுக்கு ஆர்ஓ தண்ணி (உப்பு வடிச்செடுத்த தண்ணி) ஊத்துங்க, மாரியில எண்டா மழைத்தண்ணி. முதல் ரெண்டு மழையைக் கூரை கழுவ விட்டுட்டுத்தான் பிடிக்க வேணும்.

கிழமைக்கு 10 லீற்றர் வாளி ரெண்டு மாத்தினாக் காணும். குழாய்த் தண்ணி எண்டா குளோரின் நீக்கி போடுங்க.

சூடு தாங்கிற கோரி வேணும் எண்டா ஸ்ரேர்பாய் இருக்கு, 28 வரை பிரச்சினை இல்ல. பாண்டா கோரி வாங்கிறாதீங்க, அது குளிர்க்காரன். 2024 இல இதுகளுக்கெல்லாம் விஞ்ஞானப் பேரை மாத்திட்டாங்க, புரோன்ஸ் இப்ப ஒஸ்டியோகாஸ்டர். கடையில அப்பிடிக் கேட்டுப் பாருங்க, முழிப்பாங்க.

வாவிக்கரை:

நன்றி அண்ணன், நானா. ரெண்டு கேள்வி. கோரி மேல வந்து காத்துக் குடிச்சிட்டுப் போகுது, அது மூச்சு முட்டியா? வயிறு ஒட்டின ரெண்டையும் பிரிக்க வேணுமா?

அடிமணல்:

இடைக்கிடை வந்து போனாப் பயமில்ல, குடலாலயும் மூச்சு எடுக்கிற மீன் அது. நிமிசத்துக்குப் பலதரம் வந்தா நைத்திரைற்று (கழிவில இருந்து வாற நஞ்சு) சோதிச்சுப் பாருங்க, பூச்சியத்துக்கு மேல எது காட்டினாலும் தண்ணி மாத்துங்க.

ரெண்டையும் 15 லீற்றர் பெட்டியில போட்டு, வேற ஒரு ஓடுற டேங்கில இருந்து ஸ்பொஞ்ச் எடுத்து வைச்சு, நாளைக்கு மூண்டு தரம் கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க. நல்லாத் தின்னுது, ரெண்டு கிழமைக்குப் பிறகும் வயிறு ஏறல்ல எண்டா குடல் புழுவா இருக்கலாம். லெவமிசோல் எண்ட புழு மருந்து லீற்றருக்கு 2 மி.கி., 24 மணித்தியாலம் இருட்டில. பிறகு அடியை உறிஞ்சிப் பாதித் தண்ணி மாத்துங்க, மூண்டு கிழமையில திரும்பச் செய்ங்க. அளவை மிருக வைத்தியரிட்டக் காட்டி நிறுத்து வாங்குங்க, கண்மட்டத்தில போடாதீங்க. மீசை அடிக்கட்டை மிஞ்சியிருந்தா வளரும், அடியோட போனது வராது.

சாய்ந்தமருது நானா:

பிளெக்கோ எந்த இனம் எண்டு பாருங்க. முதுகுச் செட்டை கப்பல் பாய் மாதிரி விரிஞ்சா அது ஒரு அடி தாண்டும், 2 அடி டேங்குக்கு ஆகாது, கடைக்குத் திருப்பிக் குடுங்க. வாவியிலயோ குளத்திலயோ விடாதீங்க, இலங்கைத் தண்ணியில அது ஏற்கனவே பெருகிக் கிடக்கு. பிரிஸ்ல்நோஸ் எண்ட சின்ன இனம் எண்டா ஒரு மரத்துண்டு போட்டு, ராவையில கெக்கரிக்காய்த் துண்டைக் கரண்டியில குத்தி அமிழ்த்துங்க. காலையில மறக்காம எடுங்க, இந்தச் சூட்டுக்கு மத்தியானத்துக்குள்ள கூழாகிரும்.