ஆட்டோலோடரில் டிரைவ் தெரிகிறது, சேஞ்சரைக் காணவில்லை

அச்சகத்தான் (வெள்ளி, இரவு 9.40)

வணக்கம். கொழும்பு 13இல் ஓர் அச்சகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். 2004 முதல் நாங்கள் அடித்த கோயில் மலர்கள், பாடசாலை மலர்கள், கல்வெட்டுகள் (இறந்தவர் நினைவாக அடிக்கும் சிறு புத்தகங்கள்) எல்லாவற்றின் கோப்புகளும் ஒரே சர்வரில் இருக்கின்றன. மொத்தம் 14 டெராபைட். 31ஆம் நாளுக்கு அடித்த கல்வெட்டைப் பத்து வருடம் கழித்துப் பிள்ளைகள் கனடாவிலிருந்து கேட்பார்கள். சில வீடுகளில் அப்பாவின் நல்ல படம் என்று மிஞ்சியிருப்பதே அதில் உள்ளதுதான். இதை இழக்க எனக்கு மனமில்லை.

அதனால் முதலாளியோடு பலமுறை கதைத்து, பாவித்த எல்டிஓ-7 ஆட்டோலோடர் ஒன்றை வாங்கினோம் (பேக்கப் டேப்களைத் தானே மாற்றி மாற்றிப் போடும் பெட்டி; எல்டிஓ என்பது டேப்பின் வகை, 7 அதன் தலைமுறை). டேப் வைக்க எட்டு ஸ்லாட், சர்வரோடு எஸ்ஏஎஸ் கேபிள் இணைப்பு. போன போயா விடுமுறையில் ரேக்கில் ஏற்றினேன். மேல்மூடியில் செருகியிருந்த மஞ்சள் பூட்டைக் கழற்றிய பிறகுதான் கரண்ட் கொடுத்தேன். உள்ளே கை மேலும் கீழும் ஓடி ஒவ்வொரு ஸ்லாட்டாக பார்கோட் படித்தது. முன்பக்கத் திரையில் எட்டும் சரியாகத் தெரிகிறது.

சிக்கல் சர்வரில். லினக்ஸில், இணைந்த சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்-ஸ்கஸி கட்டளை கொடுத்தால் டிரைவுக்கான 'டேப்' என்று ஒரு வரி மட்டும் வருகிறது. டேப்பை மாற்றும் சேஞ்சருக்கான 'மீடியம்எக்ஸ்' வரியே இல்லை. சேஞ்சரை இயக்கும் எம்டிஎக்ஸ் கட்டளை கொடுத்தாலும் பிழைச் செய்திதான். கேபிளை இரண்டு தரம் கழற்றி மாட்டினேன், மறுபடி பூட் செய்தும் பார்த்தேன். சர்வரோடு வந்த ரெய்ட் கார்டின் வெளிப்போர்ட்டில்தான் கொடுத்திருக்கிறேன். எங்கே பிழை?

காலிவீதி (வெள்ளி, இரவு 10.25)

தம்பி, கடைசிக்கு முதல் வரியிலேயே பதில் இருக்கிறது. அந்த ரெய்ட் கார்டுதான்.

ஆட்டோலோடருக்குள் இரண்டு சாதனங்கள். எழுதுகிற டிரைவ் லன் 0 (லன் என்பது ஒரே முகவரிக்குள் ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள எண்). டேப்பை எடுத்து வைக்கிற சேஞ்சர் லன் 1. இரண்டுக்கும் கேபிள் ஒன்று, முகவரியும் ஒன்று. ரெய்ட் கார்டுகள் டிஸ்க்குக்காகச் செய்தவை. பல கார்டுகள் டேப்பையே ஏற்காது, சிலவற்றில் லன் 0ஐத் தாண்டி ஒன்றும் தெரியாது. உங்களுடையது இரண்டாவது வகை போலிருக்கிறது. டிரைவ் தெரிகிறதே என்று அதிலேயே ஓட்ட வேண்டாம். பெரிய பேக்கப்பின் நடுவில் கைவிட்டுவிடும்.

வெளிப்போர்ட் உள்ள வெறும் எச்பிஏ (ரெய்ட் வேலை இல்லாமல் சாதனங்களை அப்படியே இணைக்கும் கார்டு) ஒன்று போடுங்கள். எல்எஸ்ஐ 9300-8இ போன்றது போதும், பாவித்ததே காணும். கேபிள் வாங்கமுன் இரண்டு முனையையும் பாருங்கள்: அந்தக் கார்டில் எஸ்எஃப்எஃப்-8644 வாய், டிரைவின் பின்னால் பெரும்பாலும் 8088. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குப் போனால் இரண்டின் படத்தையும் போனில் எடுத்துக்கொண்டு போங்கள்.

மெனுவில் லோடர் மோட் 'சீக்குவென்ஷல்' என்றிருந்தால் 'ரேண்டம்' ஆக்குங்கள். எந்த டேப்பை எடுப்பது என்பதைப் பேக்கப் மென்பொருள்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஈரக்காற்று (சனி, காலை 7.15)

கார்டு விஷயம் அண்ணா சொன்னதுதான். நான் கேட்க வந்தது வேறு: சர்வர் அறையில் ஏசி இரவிலும் ஓடுகிறதா?

வெள்ளவத்தையில் கடலோரமாக ஓர் அலுவலகத்தில் வேலை செய்தேன். ஐந்து மணிக்கு எல்லோரும் போகும்போது ஏசியையும் நிறுத்திவிடுவார்கள். காலையில் கதவைத் திறந்தால் ரேக்கின் இரும்பே தொடப் பிசுபிசுக்கும். மூன்றாம் மாதம் டேப்களில் பிழை வரத் தொடங்கியது. டிரைவைத் துடைக்கும் கிளீனிங் டேப் போட்டால் இரண்டு நாள் நன்றாக இருக்கும், பிறகு அதே கதை. ஏசியை இரவும் ஓட விட்ட பிறகுதான் அடங்கியது. ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பார்கள். கொழும்பில் ஜன்னலைத் திறந்து வைத்தாலே அது வந்துவிடும்.

புது டேப்பை வெளியிலிருந்து கொண்டுவந்த கையோடு போடாதீர்கள். ஒரு நாள் முழுக்க அறையிலேயே இருக்கட்டும். பாவித்த டிரைவ் என்பதால் முதலில் கிளீனிங் டேப்பை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். ஆட்டோலோடரின் வயரையும் யூபிஎஸ்ஸில் கொடுங்கள். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த ஊர் இது.

அச்சகத்தான் (சனி, காலை 8.05)

அக்கா, ஏசி இரவில் நிற்கிறது. இன்றே முதலாளியிடம் கேட்கிறேன். இன்னொன்று: பழைய எல்டிஓ-4 டேப் பதினொன்று அலுமாரியில் கிடக்கின்றன. இதில் படிக்கலாமா?

காலிவீதி (சனி, காலை 8.30)

ஏலாது. எல்டிஓ-7 டிரைவ் 6இல் எழுதும், 5ஐப் படிக்க மட்டும் செய்யும், அதற்குக் கீழே இல்லை. 4ஐப் படிக்க 4, 5, 6ஆம் தலைமுறை டிரைவ்களில் ஒன்று வேண்டும். யாரிடமாவது இரண்டு நாளுக்கு இரவல் வாங்கி இப்போதே மாற்றிவிடுங்கள். தள்ளிப்போட்டால் அந்த டிரைவும் கிடைக்காது.

டேப் பெட்டியில் 15 டெராபைட் என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். அது சுருக்கினால் வரும் கணக்கு. உங்களுடையது ஜேபெக், பிடிஎஃப், இனிச் சுருங்காது. 6 என்றே வையுங்கள், ஆக மூன்று டேப். வேகம் விநாடிக்கு 300 மெகாபைட். முழு வேகத்தில் 14 டெராபைட் ஏறக்குறைய 13 மணித்தியாலம். ஆனால் கோப்புகளை கிகாபிட் நெட்வொர்க்கில் வேறு கணினியிலிருந்து இழுத்தால் 110 மெகாபைட்தான் வரும், ஒன்றரை நாள் எடுக்கும். தரவு பஞ்சப்பட்டால் டேப் நின்று, பின்னால் போய், மறுபடி ஓடும். டேப்பும் தேயும், ஹெட்டும் தேயும். உள்ளூர் டிஸ்க்கிலிருந்தே எழுதுங்கள்.

அச்சகத்தான் (அடுத்த வியாழன், இரவு 11.10)

கார்டு மாற்றியாயிற்று. 8644-8088 கேபிளுக்குத்தான் மூன்று கடை ஏறினேன். எல்எஸ்-ஸ்கஸி கொடுத்ததும் 'டேப்' வரிக்குக் கீழே 'மீடியம்எக்ஸ்' வந்தது. எம்டிஎக்ஸில் மூன்றாம் ஸ்லாட்டை ஏற்றச் சொன்னேன். கை இறங்கி, பெட்டியைப் பிடித்து இழுத்து, டிரைவின் வாயில் தள்ளியது. 'டக்' என்ற சத்தம், அப்புறம் டேப் சுழல்கிற மெல்லிய இரைச்சல். பக்கத்தில் நின்ற அச்சுப் பொடியன்களும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முழு பேக்கப்பும் நேற்று முடிந்தது. மூன்றாம் டேப்பில் பாதி கூட நிறையவில்லை. காலிவீதி அண்ணா கேட்கமுன் சொல்கிறேன், திரும்ப எடுத்தும் பார்த்தேன். 2009இல் அடித்த ஒரு கல்வெட்டை வேறு கணினியில் இறக்கி, செக்சம் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்) ஒப்பிட்டேன், பொருந்துகிறது. பக்கத்தைத் திறந்ததும் முதல் படத்தில் அந்த அம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

ஏசி இனி இரவிலும் ஓடும், முதலாளி சம்மதித்துவிட்டார். மூன்று டேப்பையும் நாளை அச்சகத்திலிருந்து எடுத்து முதலாளியின் வெள்ளவத்தை வீட்டு இரும்பு அலுமாரியில் வைக்கிறோம். அடுத்த மாதத்துக்கு வேறு மூன்று டேப்களுக்கு பார்கோட் ஒட்டிவிட்டேன். எல்டிஓ-6 டிரைவ் ஒன்று இரண்டு நாளுக்குக் கொழும்பில் யாரிடமாவது கிடைக்குமா? அந்தப் பதினொரு டேப்பும் இன்னும் அலுமாரியில்தான்.