பொலேரோ கேம்பரில் வின்ச் போட்டதிலிருந்து பேட்டரி நிற்கவில்லை. பெரிய டைனமோ போடலாமா?

தாண்டிக்குடி காபித்தோட்டம்:

எல்லோருக்கும் வணக்கம். 2012 பொலேரோ கேம்பர் வைத்திருக்கிறேன். டீசல், ஃபோர் வீல் டிரைவ். தாண்டிக்குடிக்கு மேலே எங்கள் தோட்டத்துக்குப் போகும் கடைசி நான்கு கிலோமீட்டர் வெறும் மண் பாதை. கார்த்திகை மழையும் காபிப் பழம் பறிக்கிற நேரமும் ஒன்றாகத்தான் வரும். மூட்டை ஏற்றிய வண்டி சேற்றில் இறங்கிவிட்டால் ஆள் வைத்துத் தள்ளி ஆகாது. அதனால் போன வருடம் முன்பக்கம் 9500 பவுண்டு வின்ச் (கயிற்றைச் சுருட்டி வண்டியை இழுக்கும் மோட்டார்) போட்டேன். காட்டுமாடு நடமாட்டம் இருப்பதால் மேலே 180 வாட் எல்.இ.டி. லைட் பார், மூட்டை ஏற்றப் பின்னால் 40 வாட் விளக்கு இரண்டு. ஸ்பிரேயர் பேட்டரிகளைச் சார்ஜ் போட 300 வாட் இன்வெர்ட்டர் ஒன்று.

ஒரே வருடத்தில் இரண்டு பேட்டரி போய்விட்டது. லைட் பார் போட்டால் ஹெட்லைட் மங்குகிறது. போன வாரம் இரவு ஏழு மணிக்குச் சேற்றில் மாட்டி, ஐந்து நிமிடம் வின்ச்சில் இழுத்து மேலே ஏற்றினேன். இஞ்சினை அணைத்துவிட்டு மரத்தில் கட்டிய பட்டையைக் கழற்றி வந்தால் செல்ஃப் எடுக்கவில்லை. பழம் பறிக்க வந்த பெண்கள் ஆறு பேர் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை வைத்துக்கொண்டு அந்தக் குளிரில், இருட்டில் நின்றது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

கடையில் கேட்டால், வேறு வண்டியின் 120 ஆம்பியர் டைனமோவை மாட்டித் தருகிறோம், எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். இப்போது இருப்பதன் ஸ்டிக்கரில் 65 ஆம்பியர் என்று இருக்கிறது. போடலாமா?

போடி ஜீப்:

நான் பழைய ஜீப்பில் 90 ஆம்பியர் போட்டேன். பெல்ட் பழைய ஒற்றை வி-பெல்ட்தான். லோடு ஏறினால் வழுக்கும், மழையில் கத்தும். இரண்டு மாதத்துக்கு ஒரு பெல்ட் மாற்றினேன். டைனமோவை மட்டும் மாற்றிப் பயனில்லை. புல்லி, பெல்ட், கேபிள் எல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பொள்ளாச்சி ஆட்டோ எலக்ட்ரிக்கல்:

தம்பி, அந்த 120 ஆம்பியரை இப்போதைக்கு வாங்காதீர்கள். ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இதில் உயிர் இருக்கிறது. உங்கள் டைனமோவின் முதுகைப் பாருங்கள். உருண்டையாக ஒரு வேக்கும் பம்ப் ஒட்டியிருக்கும். இஞ்சின் ஆயில் ஒரு ஹோஸ் வழியாக அதற்குள் போய்த் திரும்பும். பிரேக்கை லேசாக மிதித்தாலே பிடிக்க வைக்கும் பிரேக் பூஸ்டருக்கு வேக்கும் இழுத்துத் தருவது அந்தப் பம்ப்தான். பெட்ரோல் வண்டிக்கு இன்டேக்கிலேயே வேக்கும் கிடைத்துவிடும், டீசலுக்குக் கிடைக்காது. வேறு வண்டி டைனமோவில் அந்தப் பம்ப் இல்லை என்றால் பிரேக் பெடல் கல் மாதிரி ஆகிவிடும். மூட்டையோடு வத்தலக்குண்டுக்கு இறங்குகிற பாதை அது. பம்ப் இருந்தாலும் ஆயில் வழி, அளவு எல்லாம் ஒத்துப்போக வேண்டும். மாட்டித் தருகிறேன் என்பவரிடம் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்.

இனி கரண்டு கணக்கு. லைட் பார் 13 ஆம்பியர், பின் விளக்கு இரண்டும் 6, இன்வெர்ட்டர் முழு லோடில் 27, ஹெட்லைட் 9, வைப்பர், புளோயர், மற்ற விளக்குகள் எல்லாம் 10. கூட்டினால் 65. அதாவது எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் பேட்டரிக்கு ஏற ஒன்றும் மிஞ்சாது. அதுவும் ஸ்டிக்கரில் இருக்கும் ஆம்பியர், டைனமோ நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும்போது தருவது. ஆக்சிலேட்டர் மிதிக்காமல் ஐடிலில் ஓடும்போது உங்கள் டைனமோ 2000 சுற்றுக்கும் கீழேதான் ஓடும். அப்போது பாதி கிடைத்தாலே பெரிது.

வின்ச் வேறு கணக்கு. அந்த அளவு வின்ச் முழு இழுப்பில் 350, 400 ஆம்பியர் வரை கேட்கும். எந்த டைனமோவும் அதைத் தராது, பேட்டரிதான் தர வேண்டும். ஐந்து நிமிடம் சராசரி 250 என்று வைத்தாலும் 21 ஆம்பியர்-அவர் காலி. 80 ஆம்பியர்-அவர் பேட்டரியில் கால் பங்கு. சார்ஜ் முழுதாக இருந்திருந்தால் அதற்குப் பிறகும் செல்ஃப் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை என்றால், அன்றைக்கு வின்ச்சில் இழுப்பதற்கு முன்பே உங்கள் பேட்டரி அரைகுறையாகத்தான் இருந்திருக்கிறது. என் சந்தேகம் டைனமோ மேல் இல்லை, வயர் மேல்.

ஒரு மல்டிமீட்டர் எடுங்கள். இஞ்சினை 1500 சுற்றில் பிடித்து, ஹெட்லைட், லைட் பார், புளோயர் மூன்றையும் போடுங்கள். டி.சி. வோல்டில் வைத்துப் பேட்டரியின் இரண்டு முனையிலும் பாருங்கள். அப்புறம் டைனமோவின் பெரிய போல்ட்டுக்கும் அதன் பாடிக்கும் நடுவில். பிறகு டைனமோ போல்ட்டிலிருந்து பேட்டரி பிளஸ். கடைசியாக டைனமோ பாடியிலிருந்து பேட்டரி மைனஸ். நான்கு எண்ணையும் இங்கே எழுதுங்கள்.

தாண்டிக்குடி காபித்தோட்டம்:

அண்ணா, பம்ப் இருக்கிறது. இத்தனை வருடம் ஓட்டியும் அது பிரேக்குக்கானது என்று தெரியாது. கடைக்குப் போன் செய்து கேட்டேன், அவர்கள் சொன்ன டைனமோவில் பம்ப் கிடையாதாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அளந்தது இது: பேட்டரியில் 12.9. டைனமோவில் 14.1. பிளஸ் பக்கம் 0.35. மைனஸ் பக்கம் 0.85.

பொள்ளாச்சி ஆட்டோ எலக்ட்ரிக்கல்:

இதோ அகப்பட்டுவிட்டது. டைனமோ 14.1 தருகிறது, வேலையை ஒழுங்காகச் செய்கிறது. வழியில் 1.2 வோல்ட் தொலைந்துபோகிறது, அதில் 0.85 எர்த்தில். உங்கள் டைனமோவின் ரெகுலேட்டர் தன் இடத்திலேயே வோல்டேஜைப் பார்த்துக்கொள்கிற ரகம். அங்கே 14.1 இருப்பதால் போதும் என்று நினைத்துக்கொள்கிறது. பேட்டரிக்கு 12.9 வந்தால் சார்ஜ் முழுதாக ஏறாது. இப்படியே பல மாதம் அரை வயிற்றோடு கிடந்தால் பிளேட்டில் சல்பேட் படிந்துவிடும். இரண்டு பேட்டரி போனதற்கு அதுதான் காரணம், பேட்டரி மேல் தப்பில்லை.

இஞ்சினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் பட்டையைக் கழற்றிப் பாருங்கள். சேறு, தண்ணீர், துரு. பச்சை பூத்திருக்கும். போல்ட் உட்காரும் இடத்தைப் பெயின்ட் போகத் தேய்த்து, புதுப் பட்டை போடுங்கள். அதோடு நிற்காமல், டைனமோ பாடியிலிருந்து பேட்டரி மைனஸுக்கு நேராக 25 ஸ்கொயர் எம்.எம். செம்புக் கேபிள் ஒன்று இழுங்கள். பிளஸ் பக்கமும் அதே அளவில் ஒன்று, பேட்டரிக்கு ஒரு சாணுக்குள் 100 ஆம்பியர் ஃபியூஸோடு. ஃபியூஸ் இல்லாமல் பிளஸ் கேபிள் இழுக்கவே கூடாது. எங்காவது உரசி பாடியில் பட்டால் வண்டி எரியும். வெல்டிங் கேபிள் வளைந்து கொடுக்கும், நல்லதுதான். ஆனால் அலுமினியத்தில் செம்புப் பூச்சு பூசியும் விற்கிறார்கள், நுனியைச் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள். கேபிள் நுனியில் மாட்டும் லக்கைச் சுத்தியலால் அடித்து நசுக்க விடாதீர்கள். ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்தி, மேலே ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். என்னிடம் வரும் வண்டிகளில் பாதிக் கோளாறு இந்த லக்கில்தான்.

லைட் பாரை ஹெட்லைட் வயரிலிருந்து எடுத்திருந்தால் அதையும் பிரித்து, பேட்டரியிலிருந்து தனி ரிலே (சின்னக் கரண்டில் இயங்கிப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), தனி ஃபியூஸ் கொடுங்கள். வின்ச் இழுக்கும்போது இஞ்சினைக் கொஞ்சம் ஏற்றிப் பிடியுங்கள். கொஞ்சம் இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுங்கள், மோட்டாரும் ஆறும். வேலை முடிந்ததும் உடனே அணைக்க வேண்டாம், இருபது நிமிடமாவது ஓடட்டும்.

திருப்பூர் டிரெயில்:

ஒரு குறுக்கீடு, இதைப் படிக்கும் புது வண்டிக்காரர்களுக்காக. 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புதிய புகை விதிப்படி செய்த) வண்டிகள் பலவற்றில் டைனமோ வோல்டேஜை கம்ப்யூட்டரே ஏற்றி இறக்கும். அதில் 12.9 பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் இரண்டாவது பேட்டரியைச் வோல்டேஜைப் பார்த்துத் தானாகச் சேர்த்துப் பிரிக்கும் சாதாரண வோல்டேஜ் ரிலே வைத்து இணைத்தால் சரியாக ஏறாது, வரும் வோல்டேஜைப் பேட்டரிக்குத் தகுந்தபடி மாற்றிக் கொடுக்கும் டி.சி.-டி.சி. சார்ஜர் வேண்டும். லித்தியம் பேட்டரி போடுகிறவர்களுக்கும் இதே பதில். லித்தியம் கிடைக்கிற கரண்டை எல்லாம் உறிஞ்சும். குறைந்த வேகத்தில் டைனமோவின் ஃபேனும் மெதுவாகச் சுற்றுவதால் சூடேறிக் கருகிவிடும்.

தாண்டிக்குடி காபித்தோட்டம்:

எர்த் பட்டையைக் கழற்றினேன். கையிலேயே இழை இழையாக உதிர்ந்துவிட்டது. புதுப் பட்டை, இரண்டு 25 ஸ்கொயர் எம்.எம். கேபிள், ஃபியூஸ், ரிலே எல்லாம் போட்டாயிற்று. அதே லோடில் பேட்டரியில் இப்போது 13.8. ஹெட்லைட் மங்கவில்லை. நேற்று மாலை வேண்டுமென்றே சேற்றில் இறக்கி வின்ச்சில் இழுத்துப் பார்த்தேன். இருபது நிமிடம் ஓடவிட்டு அணைத்தேன், முதல் தட்டிலேயே செல்ஃப் எடுத்தது. பறிப்பு முடிந்து இறங்கும்போது அந்தப் பெண்களிடமும் சொன்னேன், இனி நடந்து போகவேண்டி வராது என்று. மனமார்ந்த நன்றி அண்ணா.

ஒன்றே ஒன்று. வின்ச்சுக்கென்று இரண்டாவது பேட்டரி வைக்கட்டுமா?

பொள்ளாச்சி ஆட்டோ எலக்ட்ரிக்கல்:

சந்தோஷம் தம்பி. இந்த மழைக்காலம் இப்படியே ஓட்டிப் பாருங்கள். இன்வெர்ட்டரை இரவில் லைட் பாரோடு சேர்த்துப் போடாமல், பகலில் மலை இறங்கும் நேரத்தில் போட்டால் ஒரே பேட்டரி தாங்கும். பிறகும் போதவில்லை என்றால், வின்ச்சை இஞ்சின் பேட்டரியிலேயே விட்டுவிட்டு இன்வெர்ட்டரையும் பின் விளக்கையும் இரண்டாவதற்கு மாற்றுங்கள். நடுவில் வோல்டேஜ் ரிலே. 13.3 வோல்டுக்கு மேல் சேரும், 12.8-க்குக் கீழே பிரிந்துவிடும், பிறகு செல்ஃபுக்கு உண்டான பேட்டரியில் இன்வெர்ட்டரும் பின் விளக்கும் கைவைக்க முடியாது.

அந்த வேக்கும் பம்ப் ஆயில் ஹோஸைக் கையால் தடவிப் பாருங்கள். கசிவு இருந்தால் ஆயில் டைனமோவுக்குள் இறங்கி கார்பன் பிரஷைக் கெடுக்கும். வெடிப்பு தெரிந்தால் இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.