யூஎஃப்டபிள்யூ மூடியிருக்கிறது என்கிறது, போர்ட் திறந்தே கிடக்கிறது: டாக்கருக்கு ஃபயர்வால் விதிகளைத் தானாக எழுதுவது எப்படி?

இரவுப்பணி கேட்டது:

வணக்கம். வாடகை விபிஎஸ் (மெய்நிகர் சர்வர்) ஒன்றில் பில்லிங் மென்பொருள் ஓட்டுகிறேன். டெபியன் 12, அதன் களஞ்சியத்திலிருந்தே நிறுவிய டாக்கர் (மென்பொருள்களைக் கண்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி), அதன் அமைப்பை எழுதிவைக்கும் கம்போஸ் ஃபைலில் ஒன்பது கண்டெய்னர்கள். சர்வரைப் பார்த்துக்கொள்ள நான் ஒருவன்தான்.

போன வாரம் வேறு எதையோ தேடிப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் லாகைத் திறந்தால், கடவுச்சொல் தவறு, கடவுச்சொல் தவறு என்று பக்கம் பக்கமாக ஓடுகிறது. லாக் வரியில் முகவரியும் வரும்படி மாற்றிப் பார்த்தேன். எல்லாம் எனக்குச் சம்பந்தமே இல்லாத முகவரிகள். யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலின் நிலையைக் கேட்டால் 22, 80, 443 மட்டும்தான் திறப்பு, மற்றதெல்லாம் மூடல் என்று சத்தியம் செய்கிறது. கைப்பேசி இணையத்திலிருந்து போஸ்ட்கிரெஸ்ஸின் போர்ட்டான 5432-ஐத் தட்டினேன். கதவு திறந்தது. வயிறு கலங்கிவிட்டது.

அவசரத்துக்கு ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் எழுதினேன். கிரான் மூலம் நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும். டாக்கர் இன்ஸ்பெக்ட்டில் போஸ்ட்கிரெஸ் கண்டெய்னரின் ஐபியை எடுத்து, ஃபார்வர்ட் செயினின் (சர்வர் வழியாக வேறிடம் போகும் பாக்கெட்டுக்கான விதி வரிசை) உச்சியில் அந்த ஐபிக்கு ஒரு தடை விதி செருகும். இரண்டு நாள் நன்றாகவே இருந்தது. மூன்றாம் நாள் எல்லாவற்றையும் ரீஸ்டார்ட் செய்தபோது ஐபிக்கள் இடம் மாறின. போஸ்ட்கிரெஸ்ஸின் பழைய ஐபி வெப் கண்டெய்னருக்குப் போய்விட்டது, அதன் தடையும் கூடவே போய்விட்டது. கடைக்காரர்கள் போனில் பிடித்துக்கொண்டார்கள். பழைய விதிதான் குற்றவாளி என்று கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம்.

இதை ஒழுங்காகத் தானியங்கியாகச் செய்வது எப்படி? டாக்கர் ஐபிடேபிள்ஸை, அதாவது லினக்ஸின் ஃபயர்வால் விதிகளை, தொடாதபடி அணைத்துவிடு என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?

ஒற்றைவரி:

போஸ்ட்கிரெஸ்ஸுக்கு "போர்ட்ஸ்" பகுதியே எதற்கு? ஒரே கம்போஸ் நெட்வொர்க்கில் இருக்கும் கண்டெய்னர்கள் சர்வீஸ் பெயரைச் சொல்லியே பேசிக்கொள்ளும். அந்த வரியை எடுத்துவிடுங்கள். உங்கள் கணினியிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் 127.0.0.1:5432:5432 என்று எழுதி எஸ்எஸ்எச் டனல் போடுங்கள். முன்னால் முகவரி இல்லாமல் 5432:5432 என்று எழுதினால் எல்லா இடைமுகத்திலும் திறக்கும்.

பழையமோடம்:

ஒற்றைவரி சொன்னதை முதலில் செய்யுங்கள் தம்பி. ஒன்பதில் ஏழு அதிலேயே தீர்ந்துவிடும். மிச்சத்துக்குத்தான் நான் சொல்லப்போவது.

யூஎஃப்டபிள்யூ பொய் சொல்லவில்லை. அது இன்புட் செயின் என்ற முன்வாசலில் காவல் நிற்கிறது. டாக்கரோ வரும் பாக்கெட்டை ப்ரீரவுட்டிங்கிலேயே, அதாவது பாதை முடிவாகும் முன்பே, பிடித்து, சேருமிடத்தை 172.18 என்று தொடங்கும் கண்டெய்னர் முகவரியாக மாற்றிவிடுகிறது. சேருமிடம் இப்போது சர்வர் அல்ல என்பதால் பாக்கெட் ஃபார்வர்ட் வழியாகப் போகிறது. விருந்தாளி கொல்லைப்புறமாக வீட்டுக்குள் போய்ச் சாப்பிட்டு முடித்துவிட்டார், காவலாளி இன்னும் வாசலில் நிற்கிறார்.

ஐபிடேபிள்ஸை அணைக்காதீர்கள். அணைத்தால் கண்டெய்னர்கள் வெளியே போகத் தேவையான முகவரி மாற்றமும் போய்விடும். வெளியிலிருந்து வரும் இணைப்பு டாக்கர் ப்ராக்ஸி என்ற இடைத்தரகர் வழியாக மட்டும் வரும். அப்போது எல்லா வருகையாளரும் பிரிட்ஜின் (கண்டெய்னர்களை இணைக்கும் உள் நெட்வொர்க்) ஒரே முகவரியாகத்தான் லாகில் தெரிவார்கள். யார் தட்டுகிறார்கள் என்பதுகூடத் தெரியாது.

நமக்கென்றே டாக்கர்-யூசர் என்று ஒரு செயின் 17.06 பதிப்பிலிருந்து இருக்கிறது. பலரும் அங்கே எழுதுகிறார்கள், தப்பில்லை. ஒரு பொறி மட்டும் உண்டு: 8080:80 என்று வெளியிட்டால் அந்தச் செயின் பார்ப்பது 80-ஐ, 8080-ஐ அல்ல. முகவரி மாற்றம் முன்பே முடிந்துவிட்டதே. பழைய போர்ட் எண்ணை கான்ட்ராக் (இணைப்புகளின் பதிவேடு) நினைவில் வைத்திருக்கும், அதைக் கேட்க வேண்டும்.

நான் இதையெல்லாம் விட்டு, ஐபிடேபிள்ஸுக்குப் பின் வந்த என்எஃப்டேபிள்ஸில் எனக்கென்று தனி டேபிள் வைத்திருக்கிறேன். ஃபார்வர்ட் ஹூக், டாக்கருக்கு முந்தைய முன்னுரிமை, ஒரே ஒரு விதி. ஈத்0 (வெளி இணைய இடைமுகம்) வழியாக வந்து, டிநாட் ஆகி (சேருமிட முகவரி மாறி), கான்ட்ராக் சொல்லும் மாற்றத்துக்கு முந்தைய போர்ட் என் செட்டில் (அனுமதித்த போர்ட் பட்டியல்) இல்லையென்றால், வீசு. அவ்வளவுதான். என்எஃப்டேபிள்ஸில் ஒரு டேபிள் அனுமதித்தாலும் அடுத்தது மறுக்கலாம், ஆனால் ஒன்று வீசிவிட்டால் பேச்சு முடிந்தது. அதனால் என் டேபிளில் வீசுவது மட்டும்தான் இருக்கிறது, அனுமதிப்பது டாக்கர் பாடு. விதியில் ஐபியே இல்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் இரண்டு மணி நேரம் போனது அங்கேதான்.

இனி தானியங்கிக்கு வருவோம். வெளியே தெரிய வேண்டிய கண்டெய்னருக்கு மட்டும் கம்போஸில் ஒரு லேபிள் போடுகிறேன், போர்ட் எண்ணோடு. ஹோஸ்ட்டில் சிஸ்டம்டி சர்வீஸாக ஓடும் சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் டாக்கர் ஈவென்ட்ஸைக் கேட்டுக்கொண்டிருக்கும். எது தொடங்கினாலும், எது செத்தாலும், ஓடும் கண்டெய்னர்கள் அத்தனையின் லேபிளையும் படித்து செட்டை முழுக்கக் காலி செய்து முழுக்க எழுதும். முதலில் நானும் தொடங்கினால் சேர், செத்தால் நீக்கு என்றுதான் எழுதினேன். ஸ்கிரிப்ட் விழுந்திருந்த பத்து நொடியில் நடந்ததெல்லாம் கணக்கில் வராமல் போனது. கூட்டல் கழித்தல் வேண்டாம், ஒவ்வொரு முறையும் புதுக்கணக்கு. காலி செய்வதையும் நிரப்புவதையும் ஒரே ஃபைலில் கொடுத்தால் என்எஃப்டி (என்எஃப்டேபிள்ஸின் கட்டளை) அதை ஒரே பரிவர்த்தனையாகச் செய்யும், நடுவில் இடைவெளி விழாது.

உங்கள் கிரான் ஸ்கிரிப்டில் எனக்குப் பிடிக்காதது அது எழுதப்பட்ட விதம் அல்ல, அதன் வேலை. அது கதவை மூடப் போகிறது. கண்டெய்னர் எழுந்ததற்கும் ஸ்கிரிப்ட் எழுந்ததற்கும் நடுவே ஒரு நிமிடம் வரை திறந்தே கிடக்கும். என்னுடையது திறக்க மட்டும் செய்யும். அது செத்துப்போனால் புதிதாக எதுவும் திறக்காது, யாராவது போன் செய்வார்கள். அந்தப் போன் பரவாயில்லை.

இன்னொன்று, இது நானே வாங்கிய அடி. டெபியன் தரும் என்எஃப்டேபிள்ஸ் கான்ஃபிக் ஃபைலின் தலையில் "ஃப்ளஷ் ரூல்செட்" என்ற வரி இருக்கும். அந்தச் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் உங்கள் டேபிளோடு டாக்கரின் விதிகளும் துடைத்துப் போகும், ஏனென்றால் இன்றைய டெபியனில் ஐபிடேபிள்ஸும் உள்ளுக்குள் என்எஃப்டேபிள்ஸ்தான். அந்த வரியை எடுத்துவிட்டு உங்கள் டேபிளை மட்டும் அழித்து எழுதுங்கள்; அதன் பிறகும் ரீஸ்டார்ட் வேண்டாம், ரீலோட் செய்யுங்கள், ஏனென்றால் டெபியனில் அந்தச் சர்வீஸ் நிற்கும்போதே எல்லா விதிகளையும் துடைத்துவிடும்.

ஸ்கிரிப்டைக் கண்டெய்னருக்குள் வைத்து டாக்கர் சாக்கெட்டை (டாக்கருக்குக் கட்டளை போகும் வாயில்) மவுண்ட் செய்யும் ஆசை வரும். படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்தாலும் அந்தச் சாக்கெட் வழியே எந்தக் கட்டளையும் போகும். வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு "பார்க்க மட்டும்" என்று சொல்வது மாதிரி.

தெற்குவாசல்:

பழையமோடம் சார் விதியில் ஒரு ஓட்டை. டெபியன் 12 களஞ்சியத்தில் இருப்பது டாக்கர் 20.10. அந்தப் பதிப்பில் அதே நெட்வொர்க் துண்டில் இருக்கும் பக்கத்து இயந்திரம், 172.18 முகவரிக்கு உங்கள் சர்வர் வழியாக ரூட் போட்டு, வெளியிட்ட போர்ட்டை நேரடியாகத் தட்டலாம். டிநாட் நடக்காததால் உங்கள் விதி அதைக் கண்டுகொள்ளாது. பதிப்பு 28 இதை அடைத்துவிட்டது. பழையதில் இருந்தால், ஈத்0-இல் புதிதாக வந்து டிநாட் ஆகாததையும் வீசும்படி இரண்டாவது விதி வேண்டும்.

இரவுப்பணிக்கு: சோதனையை ஐபிவி4, ஐபிவி6 இரண்டிலும் தனித்தனியாகச் செய்யுங்கள். பழைய டாக்கரில் ஐபிவி6 இணைப்பு ப்ராக்ஸிக்கு, அதாவது இன்புட் செயினுக்குப் போகும், யூஎஃப்டபிள்யூ அதைத் தடுத்துவிடும். அதை மட்டும் பார்த்துவிட்டு மூடியாச்சு என்று தூங்கப் போனவர்கள் உண்டு.

பழையமோடம்:

சரிதான். என்னிடம் 28-க்கு மேல் என்பதால் கண்ணில் படவில்லை. சேர்த்துவிடுகிறேன்.

இரவுப்பணி:

நன்றி சார், எல்லோருக்கும். முதல் வேலையாகப் போஸ்ட்கிரெஸ், ரெடிஸ் உட்பட ஏழு "போர்ட்ஸ்" பகுதிகளை எடுத்தேன். எதுவும் உடையவில்லை. ஏன் போட்டிருந்தேன் என்றே நினைவில்லை, ஏதோ ஒரு உதாரணத்திலிருந்து ஒட்டியிருப்பேன்.

மிஞ்சியது இரண்டு: வெப் 443, அப்புறம் கடைகளின் பில் இயந்திரங்கள் பேசும் 7070. தனி டேபிள், இரண்டு விதிகள், லேபிள் படிக்கும் ஸ்கிரிப்ட் எல்லாம் ஏற்றியாயிற்று. வேறொரு சர்வரிலிருந்து என்மேப் (திறந்த போர்ட்டைத் தேடும் கருவி) ஓட்டினேன், நான்கிலும் ஆறிலும். நான்கில் 22, 443, 7070; ஆறில் 22, 443 மட்டும். வேறு எதுவும் இல்லை. ஸ்கிரிப்டை வேண்டுமென்றே கொன்றுவிட்டு, வெளியே திறக்கும் ஒரு சோதனைக் கண்டெய்னரை எழுப்பினேன், அது வெளியே தெரியவில்லை.

"ஃப்ளஷ் ரூல்செட்" வரியை மட்டும் எடுக்க மறந்து சர்வீஸை ரீஸ்டார்ட் செய்துவிட்டேன். எச்சரித்தும் செய்தேன். டாக்கரை ரீஸ்டார்ட் செய்து மீட்பதற்குள் ஒரு கடைக்காரர் போன் செய்துவிட்டார்.