அகதா கிறிஸ்டியும் மருந்தகமும்: நம் அனுபவங்கள்

மருந்தாளுநர் ஒருவர் எழுதியது:

ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளரான அகதா கிறிஸ்டியின் நாவல்களைக் கல்லூரிக் காலத்திலேயே படித்திருந்தாலும், அவரும் என் தொழிலைச் சேர்ந்தவர் என்பதை வேலைக்குச் சேர்ந்த பிறகு, அவருடைய சுயசரிதையின் வழியாகத்தான் அறிந்தேன். முதல் உலகப் போரின்போது, இங்கிலாந்திலுள்ள சொந்த ஊரான டார்க்கியின் செஞ்சிலுவை மருத்துவமனையில் முதலில் செவிலியராகவும் பின்னர் மருந்தகத்திலும் பணியாற்றிய அவர், 1917-இல் மருந்து கலப்போருக்கான தேர்விலும் தேறினார்.

தேர்வுக்காக உள்ளூர் மருந்தாளுநர் ஒருவரிடம் பயிற்சிக்குச் சென்றிருந்தபோது, அவர் சப்போசிட்டரி (ஆசனவாய் வழியே வைக்கும் மருந்து) தயாரிக்கையில் தசமப் புள்ளியை இடம் மாற்றிக் கணக்கிட்டு, மருந்தைப் பத்து மடங்காக்கிவிட்டதை கிறிஸ்டி கவனித்தார். கற்றுக்கொள்ள வந்த பெண், கற்பிப்பவரின் தவறை எப்படிச் சொல்வது? கால் இடறியதுபோல், அவை இருந்த பலகையைத் தட்டிவிட்டு, விழுந்தவற்றை மிதித்து நசுக்கி, மன்னிப்பும் கேட்டுக்கொண்டாராம்.

அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்குச் சில நாட்கள் ஆயின. பணியின் முதலாண்டில், 0.5 மி.கி. என்று எழுதியிருந்ததை 5 மி.கி. என்று படித்து மருந்தை எடுத்து வைத்தவன் நான். மூத்தவர் ஒருவர் சீட்டை மறுபடி பார்த்ததால் அது நோயாளியிடம் போகவில்லை.

கிறிஸ்டிக்குப் பயிற்சி அளித்த அதே மருந்தாளுநர் தம் சட்டைப்பையில் க்யூராரே என்னும் நஞ்சை எடுத்துத் திரிந்தார். அது தமக்கு வலிமை தருவதாக உணர்வதாக கிறிஸ்டியிடமே சொல்லியிருக்கிறார். பல்லாண்டுகள் கழித்து, 1961-இல் வெளிவந்த 'தி பேல் ஹார்ஸ்' நாவலைத் திட்டமிட்டபோது அவர் நினைவுக்கு வந்ததாக கிறிஸ்டி எழுதுகிறார். (நாவலில் அவர் எந்த உருவில் வருகிறார் என்று சொன்னால் படிக்காதவர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள்.)

செவிலியர் ஒருவர் எழுதியது:

நீங்கள் குறிப்பிட்ட நாவலைப் பற்றி எங்கள் பயிற்சி வகுப்பில்தான் முதலில் கேள்விப்பட்டேன். 1977-இல் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனைக்கு, நோய் இன்னதென்று தெரியாத நிலையில் கத்தாரிலிருந்து ஒரு குழந்தை கொண்டுவரப்பட்டது. அப்போது இந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்த செவிலியர் ஒருவர், குழந்தையின் முடி உதிர்வதைக் கண்டு, கதையில் வரும் தாலியம் நஞ்சாக இருக்கலாமென்று மருத்துவர்களிடம் சொன்னார். சோதனையில் அது உறுதியாகி, குழந்தையும் பிழைத்தது. எங்கள் ஆசிரியை இதைச் சொன்னது மருத்துவரிடம் தயங்காமல் பேச வேண்டும் என்பதற்காக. நான் அன்று மாலையே நூலகத்துக்குச் சென்று அந்த நாவலைத் தேடினேன்.

வாசகர் ஒருவர் எழுதியது:

நான் சிறுவயதில் படித்த, கிறிஸ்டி கதைகளின் தமிழ்ச் சுருக்கமொன்றில் ஸ்ட்ரிக்னின், ஆர்செனிக், சயனைடு எல்லாமே வெறும் 'விஷம்' என்றே இருந்தன. எந்த நஞ்சு எவ்வளவு நேரத்தில் வேலை செய்யும் என்பதை வைத்துத்தான் கிறிஸ்டி பல கதைகளில் கொலையாளியின் கால அட்டவணையையே அமைத்திருக்கிறார் என்பது, மூலத்தைப் படித்தபோதுதான் புரிந்தது. சுருக்கியவர் பக்கங்களை மட்டும் குறைக்கவில்லை, துப்புகளையும் சேர்த்தே வெட்டியிருக்கிறார்.