குழந்தை மருத்துவத்துக்கும் மிதிவண்டியின் பெடலுக்கும் என்ன உறவு?

கேள்வி – குடியாத்தத்துத் தந்தை

சென்ற வாரம் என் தாயாரை முழங்கால் வலிக்காக வேலூரில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகளும் உடன் வந்தாள். பி, இ, டி ஆகிய மூன்று எழுத்துகள் சேர்ந்து வந்தால் பாதம் என்று பொருள் என அவளுக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பெடல், பெடஸ்ட்ரியன், பெடிக்யூர், சென்டிபீட் என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறாள். டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருந்த நேரம் முழுவதும் சுவரில் இருந்த பலகைகளைப் படித்துக்கொண்டிருந்தவள், "ஆர்த்தோபீடிக்ஸ் என்றால் கால் வைத்தியம், அதனால் பாட்டி இங்கே உட்கார்ந்திருப்பது சரி, ஆனால் எதிரே பீடியாட்ரிக்ஸ் என்று எழுதிய இடத்தில் கைக்குழந்தைகளோடு ஏன் நிற்கிறார்கள், அவர்களுக்கு என்ன காலிலா நோய்?" என்று கேட்டாள். முதலில் சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால் எனக்கும் விடை தெரியவில்லை. அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

மறுமொழி 1 – காட்பாடி ஆசிரியர் (ஓய்வு)

ஐயா, உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி. அவள் சரி என்று ஒப்புக்கொண்ட ஆர்த்தோபீடிக்ஸிலும் பாதம் இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

ஆங்கிலத்தில் இந்த மூன்று எழுத்துகளும் இரண்டு வேறு மொழிகளிலிருந்து வந்து ஒன்றுபோல் தோற்றமளிக்கின்றன. பாதத்தைக் குறிப்பது லத்தீன் வேர். குழந்தையைக் குறிப்பது கிரேக்க வேர்; அதன் மூல வடிவம் 'பைட்' என்பதாக இருந்தது. நிக்கோலா ஆந்த்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர் 1741இல் வெளியிட்ட தம் நூலுக்காக, 'நேரான' என்று பொருள்படும் ஆர்த்தோஸ் என்ற கிரேக்கச் சொல்லையும் குழந்தை என்ற சொல்லையும் சேர்த்து ஆர்த்தோபீடிக்ஸின் மூலச் சொல்லை உருவாக்கினார். குழந்தைகளின் உடற்கோணலை நிமிர்த்துவதைப் பற்றிய நூல் அது. வளைந்த இளமரம் ஒன்றைக் கயிற்றால் கம்பத்தோடு கட்டி வைத்திருக்கும் அதன் படம் இன்றும் எலும்பு மருத்துவர்களின் சின்னமாக விளங்குகிறது. ஆகவே, உங்கள் தாயார் அமர்ந்திருந்த பிரிவின் பெயரில்தான் குழந்தை ஒளிந்திருக்கிறது.

பிரித்தானிய எழுத்துமுறையில் பீடியாட்ரிக்ஸ், ஆர்த்தோபீடிக்ஸ், என்சைக்ளோபீடியா ஆகியவற்றில் பி-க்கும் இ-க்கும் நடுவே ஓர் 'ஏ' எழுதுவது வழக்கம். அந்த எழுத்து இருந்தால் குழந்தை என்று கண்டுகொள்ளலாம். அமெரிக்கர்கள் அதை நீக்கிவிட்டார்கள். நம் ஊர்ப் பலகைகளில் இரு முறைகளும் கலந்து கிடக்கின்றன. இந்த அடையாளத்தையும் முழுக்க நம்ப இயலாது. கற்பித்தலைக் குறிக்கும் பெடகாஜியும் குழந்தை வழி வந்த சொல்தான் என்றாலும் பிரிட்டனிலேயே 'ஏ' இல்லாமல்தான் எழுதுகிறார்கள். ஒலியும் உதவாது, ஏனெனில் சென்டிபீடில் நெடிலாக ஒலித்தாலும் அது பாதமே.

பாதத்தின் பக்கம் மகளின் பட்டியலில் இன்னும் சில சேர்க்கலாம். இம்பீட் என்றால் தடுப்பது. மூலப்பொருள் காலில் தளை பூட்டுவது. எக்ஸ்பெடைட் என்றால் விரைவுபடுத்துவது. அது தளையிலிருந்து காலை விடுவிப்பது. வம்சாவளியைக் குறிக்கும் பெடிகிரீ, பழைய பிரெஞ்சில் 'கொக்கின் கால்' என்ற தொடரிலிருந்து வந்தது. வம்சக் கிளைகளைக் காட்ட வரைந்த மூன்று கோடுகள் கொக்கின் கால்தடம் போல இருந்தனவாம்.

மறுமொழி 2 – ஆம்பூர் ஷூ கம்பெனி

நாள் முழுவதும் பாதத்தின் அளவோடு பிழைக்கிறவன் என்பதால் நானும் ஒன்று சொல்கிறேன். எங்கள் வீட்டில் உருது பேசுவோம். பாரசீகத்திலிருந்து உருதுவுக்கு வந்த 'பாய்' என்றால் கால். அது லத்தீன் வேருக்கும் வடமொழிப் பாதத்துக்கும் ஆங்கில ஃபுட்டுக்கும் ஒரே குடும்பம். பைஜாமா என்றால் காலுக்கான உடை. வரவேற்பறையில் கிடக்கும் டீப்பாய்க்கும் டீக்கும் தொடர்பில்லை. அது இந்தியில் 'மூன்று கால்' என்பதன் திரிபு, தேநீர் அதன் மேல் பிறகு வந்து அமர்ந்துகொண்டது. இடியாப்பத்துக்குத் தொட்டுக்கொள்ளும் பாயாவும் கால்தான். ஆட்டுக்கால் பாயா என்று சொல்லும்போது காலை இரண்டு முறை சொல்லிவிடுகிறோம், ருசி குறைவதில்லை.

மறுமொழி 3 – வேளாண் மாணவி, அணைக்கட்டு

ஆசிரியர் ஐயா இரண்டு வேர்கள் என்றார். மூன்றாவதும் ஒன்று உண்டு. எங்கள் பாடத்தில் பெடாலஜி என்றால் மண்ணியல். 'தரை' என்று பொருள்படும் பெடோன் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து அது வந்தது. உழவினால் பெயர்ந்து வருவதைக் கட்டி என்போம். இயற்கையாகவே மண்துகள்கள் கூடி உருவாகும் திரளுக்குப் 'பெட்' என்றே பெயர்.

மறுமொழி 4 – காட்பாடி ஆசிரியர் (ஓய்வு)

நன்றி அம்மா, அதை நான் விட்டுவிட்டேன். தரையைக் குறிக்கும் அந்தச் சொல்லும் பாதத்தின் உறவுதான், கால் பதிகிற இடம் தரை அல்லவா. குழந்தை மட்டும் வேறு குடும்பம். நம் பாலாறு ஓடுகிற ஆறு, எண் ஆறு, சூடு ஆறு என்று தமிழில் ஒரே எழுத்துகள் வெவ்வேறு பொருளில் வந்தால் நாம் தடுமாறுவதில்லை. ஆங்கிலத்தில் மட்டும் எழுத்தைக் கண்டதும் பொருளை முடிவு செய்துவிடுகிறோம். டார்பிடோவிலும் இதே மூன்று எழுத்துகள் உண்டு, ஆனால் அது மரத்துப்போவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து, தொட்டால் மின்னதிர்ச்சி தரும் மீன் ஒன்றின் பெயராகி, பிறகு ஆயுதத்துக்கு வந்தது.

மறுமொழி 5 – குடியாத்தத்துத் தந்தை

அனைவருக்கும் நன்றி. மகள் நோட்டில் மூன்று பத்தி கோடு போட்டுப் பிரித்துவிட்டாள். இப்போது எங்கள் டிவிஎஸ் 50ஐக் காட்டி, மொபெட் என்பது எந்தப் பத்தி என்று கேட்கிறாள்.

மறுமொழி 6 – காட்பாடி ஆசிரியர் (ஓய்வு)

பாதத்தின் பத்தியில் எழுதச் சொல்லுங்கள். மோட்டார், பெடல் இரண்டின் தலைகளையும் ஒட்டி சுவீடன் மொழியில் உருவாக்கிய சொல் அது. பழைய வண்டியாக இருந்தால் மிதித்துக் கிளப்புகிற பெடல் அதிலேயே இருக்கும், காட்டிவிடலாம்.