மண் பிஎச் 4.3: கரி மட்டும் போட்டால் போதுமா?

பால்மரத்தடி
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் பழைய பால்மர (ரப்பர்) காட்டை அழித்த நிலம், அரை ஏக்கர். மிளகாயும் கத்தரியும் போடணும். மண் சோதனையில் பிஎச் (புளிப்பு அளவு, எண் குறைந்தால் புளிப்பு கூடுதல்) 4.3, மாற்றத்தகு அலுமினியம் (மண் துகளில் ஒட்டியிருந்து வேருக்கு எட்டுவது) கிலோவுக்கு 2 சென்டிமோல். சோதனைக்கு வைத்த நாற்றுகளின் வேர் தடித்துக் கட்டையாக நிற்கிறது. உரக்கடையில் ஜிஎம்எல் சுண்ணாம்பு (மெக்னீசியம் உள்ள சுண்ணாம்புக்கல் தூள்) 50 கிலோ மூட்டை இருக்கு. கரித்தூள் போட்டால் சுண்ணாம்பே வேண்டாம் என்கிறார்கள். உண்மையா அண்ணே? எத்தனை மூட்டை வாங்கணும்?

செம்மண்காரன்
உண்மை இல்லை தம்பி. வேர் கட்டையாவது அலுமினியத்தின் வேலை. பிஎச் 5.5-ஐத் தொட்டால் அலுமினியம் கரையாமல் படிந்துவிடும். அங்கே கொண்டுபோவது சுண்ணாம்புதான்.

கணக்கு: அலுமினிய அளவை 1.5-ஆல் பெருக்கினால் ஹெக்டருக்கு எத்தனை டன் என்று வரும். உங்களுக்கு 3 டன். அரை ஏக்கர் என்பது 0.2 ஹெக்டர், ஆக 600 கிலோ, 12 மூட்டை. இது 15 செ.மீ. ஆழத்துக்கு. 20 செ.மீ. கொத்துவதாக இருந்தால் 16 மூட்டை. பாதியைத் தூவிக் கொத்திவிட்டு, மீதியைத் தூவி மறுபடி கிளறுங்கள். மேலே தூவிவிட்டு மழையை நம்பினால் சுண்ணாம்பு மேல்மண்ணிலேயே நின்றுவிடும், அடியில் வேர் அதே பாடுதான் படும். மாவு போல நைசாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். குறுணைக் கல் இந்தப் போகத்துக்கு உதவாது.

நடவுக்கு நாலு வாரம் முன்னாடி போடுங்கள். "கூடுதலா போட்டா நல்லதுதானே" என்று இரட்டிப்பாக்க வேண்டாம். பிஎச் 6.5 தாண்டினால் துத்தநாகம், போரான், மாங்கனீசு செடிக்குக் கிடைக்காமல் போகும். ஓரத்தில் அன்னாசி இருந்தால் அந்தப் பக்கம் போடவே போடாதீர்கள். அதற்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும்.

உமிக்கரி
கரியின் வேலை வேறு. சத்தையும் ஈரத்தையும் பிடித்து வைக்கும். புளிப்பை ஓரளவு குறைக்கும், ஆனால் அதே எடை சுண்ணாம்புக்கு ஈடாகாது. அரை ஏக்கர் முழுக்கத் தூவ ஒரு டன்னாவது வேண்டும், அவ்வளவுக்கு எங்கே போவது? நடவுக் குழியில் மட்டும் குழிக்கு இரண்டு கைப்பிடி போதும்.

பச்சைக் கரியை அப்படியே போடாதீர்கள். முதல் சில வாரம் தழைச்சத்தை அதுவே உறிஞ்சி வைத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகும். மக்கிய கோழி எருவைச் சம அளவு கலந்து, பிழிந்தால் ஈரம் கசிகிற பதத்தில் இரண்டு வாரம் மூடி வையுங்கள். நடுவில் ஒரு தடவை புரட்டணும். அந்தக் குவியலில் சுண்ணாம்பு சேர்க்கக் கூடாது, அம்மோனியாவாகத் தழைச்சத்து பறந்துவிடும்.

செம்பனை (பாமாயில்) ஆலையின் கொதிகலன் சாம்பலைக் கரி என்று விற்கிறவர்களும் உண்டு. கையில் தேய்த்தால் சாம்பல் நிறத்தில் வழவழப்பாக இருந்தால் அது சாம்பல். காரம் அதிகம், அளவு தெரியாமல் கொட்டினால் செடி கருகும். நல்ல கரி கன்னங்கரேலென்று நொறுங்கும்.

பால்மரத்தடி
சரி அண்ணே. பாறைப் பாஸ்பேட் இரண்டு மூட்டை சும்மா கிடக்கு. சுண்ணாம்போடு சேர்த்துக் கொத்திவிடலாமா?

செம்மண்காரன்
கூடாது. பாறைப் பாஸ்பேட் கரைவதற்கே புளிப்பு வேண்டும், சுண்ணாம்பு அதைத் தடுத்துவிடும். அதைச் சுண்ணாம்பு போடாத பழமரங்களுக்கு வையுங்கள். மிளகாய்க்கு டிஎஸ்பி (டிரிபிள் சூப்பர் பாஸ்பேட்) வாங்குங்கள்.

யூரியாவும் அம்மோனியம் சல்பேட்டும் சுண்ணாம்புக்கு மூணு நாலு வாரம் கழித்துத்தான். அம்மோனியம் சல்பேட் மண்ணைத் திரும்பப் புளிக்க வைக்கும்: 100 கிலோ போட்டால் அதைச் சரிக்கட்டவே 110 கிலோ சுண்ணாம்பு போய்விடும். அதனால் ஆறு மாதத்தில் பத்துப் பதினைந்து இடத்தில் மண் எடுத்துக் கலந்து மறுபடி சோதியுங்கள். பழைய கட்டை எரித்த இடத்து மண்ணைச் சேர்க்காதீர்கள், அங்கே சாம்பலால் பிஎச் ஏறித்தான் காட்டும்.